கல்லுக்குள் ஓடுது படம்!

மரைன் ஹில் மேட்டிலிருந்து பார்த்தால் ராஸ் தீவு அதோ என்று தெரிகிறது. அந்தத் தீவுக்கு இப்போது நேதாஜியின் பெயர். இந்த ஊரும் 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. சார்லஸ் கொரியா வடிவமைத்த பே ஐலண்ட் ஹோட்டல் இதே மேட்டின் சரிவில் கடலைப் பார்த்துப் படிப்படியாக இறங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அந்த நீலத்தைப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும்! நாம் போகப்போவது அந்த நீலத்துக்கு அடியில்.

அந்தமான் கடலில் ஓரிடம். மேலே 1,300 மீட்டருக்கும் அதிகமான தண்ணீர். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் சேறு. அந்தச் சேற்றுக்கு நடுநடுவே எரிமலைச் சாம்பல் அடுக்குகள். அந்தச் சாம்பல் மணிகளுக்கு இடையே கண்ணுக்கே தெரியாத துளைகள். அந்தத் துளைகள்தான் இன்றைக்குக் கதாநாயகர்கள்! கல்லின் துளைக்குள் தண்ணீரும் வாயுவும் எண்ணெயும் எப்படி ஓடுகின்றன என்று எக்ஸ்-ரே வைத்துப் பார்க்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அவர்களுடைய பின்கட்டுக்குள் நுழைந்து ஒரு சுற்று சுற்றி வருவோம், வாருங்கள்.

கப்பலில் ஒரே ஓட்டம்

2006 ஏப்ரல் 28. மும்பையில் விஞ்ஞானிகள் கூட்டம் வந்து இறங்குகிறது. ஏற வேண்டிய கப்பல் ‘ஜாய்ட்ஸ் ரெசல்யூஷன்’, கடலடியைத் துளைப்பதற்கென்றே இருந்த கப்பல். இந்திய தேசிய வாயு ஹைட்ரேட் திட்டத்தின் முதல் பயணம் அது. ஹைட்ரோகார்பன் இயக்குநரகமும் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமும் கைகோத்த முயற்சி. பயணம் ஆகஸ்ட் 19 அன்று நம் சென்னையில் முடிந்தது. 113 நாளுக்கு மேல் நீண்ட அந்தப் பயணத்தில் 21 இடங்களில் 39 துளைகள் போட்டார்கள். 9,250 மீட்டருக்கு மேல் கடலடியைத் துளைத்து, ஏறத்தாழ 2,850 மீட்டர் மண்ணையும் கல்லையும் தூண் தூணாக மேலே கொண்டுவந்தார்கள். இந்தத் தூணுக்குத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கோர்’.

தேடியது மீத்தேன் ஹைட்ரேட். தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி, உள்ளே மீத்தேனைப் பூட்டி வைத்த பனிக்கட்டி அது. தீக்குச்சி காட்டினால் பற்றிக்கொண்டு எரியும் பனிக்கட்டி! ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டை உருக்கினால் தரைமட்ட அழுத்தத்தில் சுமார் 164 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஆனால் குளிரும் அழுத்தமும் சேர்ந்து இருக்கும்வரைதான் அதற்கு உயிர். கடலடியிலிருந்து மேலே தூக்கும் வழியிலேயே உருகத் தொடங்கிவிடும்.

அதனால் கோர் மேல்தளத்துக்கு வந்ததும் ஒரே ஓட்டம்தான். குழாயை நீட்டி வைத்த கையோடு, அகச்சிவப்புக் கேமராவை அதன் நீளத்துக்கும் ஓட்டுவார்கள். உருகும் ஹைட்ரேட் சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அது இருந்த இடம் மட்டும் சட்டென்று குளிர்ந்து, திரையில் தனி நிறத்தில் தெரியும். அந்த இடத்தைக் குறித்து, உடனே வெட்டி, குளிரில் பத்திரப்படுத்த வேண்டும். நிமிடங்கள் தாமதித்தால் கையில் மிஞ்சுவது சேற்றுத் தண்ணீர்.

உருகவே விடாமல் கொண்டுவர முடியாதா? முடியும், அதுதான் அழுத்தக் கோர்! கடலடியிலேயே கோரை ஓர் உலோகக் குழாய்க்குள் இழுத்து, வாயை மூடி, அங்கே இருந்த அழுத்தத்தோடேயே மேலே ஏற்றுவார்கள். மூடியைத் திறந்தால் கதை முடிந்தது. திறக்காமலே உள்ளே பார்க்க வழி எக்ஸ்-ரே. அழுத்தம் துளியும் குறையாமல் கோரை எக்ஸ்-ரே ஊடுருவும் அறைக்குள் மெல்லத் தள்ளி, திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் வந்தபோது அங்கே இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் களிமண்ணுக்குள் ஹைட்ரேட் நரம்பு நரம்பாகக் கிளை பிரிந்து ஓடியிருந்தது. களிமண்ணைவிட அதற்கு அடர்த்தி குறைவு. எக்ஸ்-ரேயை அதிகம் விட்டுவிடும். அதனால் வெடிப்புகளுக்குள் அது ஊர்ந்து நிரம்பிய பாதை முழுக்கப் படத்தில் அப்படியே நின்றது.

அந்தமான் கடலில் துளைத்தது ஒரே ஓர் இடத்தில். 17-ஆம் எண் இடம். அங்கே வேறு மாதிரி ஆச்சரியம் காத்திருந்தது. கடலடிக்குக் கீழே சுமார் 600 மீட்டர் ஆழம்வரை, எரிமலைச் சாம்பல் அடுக்குகளுக்குள் ஹைட்ரேட்! அதுவரை உலகம் அறிந்த ஹைட்ரேட் படிவுகளில் மிக ஆழமானதும் தடிமனானதுமான ஒன்று என்று அறிவித்தார்கள். சுற்றிலும் இருப்பது மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் சேர்ந்த சுண்ணாம்புச் சேறு. அதே வாயு, அதே குளிர், அதே அழுத்தம். ஆனாலும் ஹைட்ரேட் சேற்றை விட்டுவிட்டுச் சாம்பலைத் தேடிப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஏன்?

பதில் துளைக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

எக்ஸ்-ரே அறைக்குள்

ஈயம் பொதிந்த கதவு. உள்ளே ஒரு பக்கம் எக்ஸ்-ரே குழாய், எதிர்ப்பக்கம் டிடெக்டர், நடுவே சுழலும் ஒரு சிறு மேடை. மேடையில் நிற்கிறவர் ஒரு கல். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மணற்கல் துண்டு! ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேனில் ஆள் அசையாமல் படுத்திருக்க, இயந்திரம் சுற்றும். இங்கே இயந்திரம் அசையாது, கல்தான் சுற்றும். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோணங்களில் முகம் காட்டும்.

ஆனால் சும்மா நிற்கிற கல்லில் ஓட்டம் ஏது? அதற்கும் ஏற்பாடு உண்டு. கல்லைச் சுற்றி ரப்பர் உறை, அதற்கு வெளியே எக்ஸ்-ரே எளிதாக ஊடுருவும் கார்பன் இழைக் குழாய். உறையை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் திரவம் கல்லுக்குள் போகாமல் ஓரத்தில் வழிந்து தப்பித்துவிடும். அடியிலிருந்து மெல்லிய குழாய் வழியே பம்பு உப்புநீரைத் தள்ளும். பிறகு எண்ணெய், அல்லது வாயு. வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கணக்கில் தள்ளினாலும் சில சொட்டுகள்தான். நிஜமான நிலத்தடியில் ஓடுகிற மெதுவான வேகத்தை அப்படியே கொண்டுவர வேண்டுமே!

இங்கே ஒரு சாமர்த்தியமும் செய்கிறார்கள். எண்ணெயும் தண்ணீரும் எக்ஸ்-ரே கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். பிரித்துக் காட்ட, தண்ணீரில் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்துவிடுகிறார்கள். அயோடின் கனமான தனிமம், எக்ஸ்-ரேயை நன்றாக விழுங்கும். ஆஞ்சியோகிராம் செய்யும்போது ரத்தக்குழாயில் மருத்துவர் ஏற்றுவதும் அயோடின் கலந்த திரவம்தான். இதயத்துக்கு வேலை செய்கிற அதே வித்தை கல்லுக்கும் வேலை செய்கிறது! உடனே திரையில் எல்லாம் பிரிந்து நிற்கும்: மணல் ஒரு சாம்பல் நிறம், உப்புநீர் இன்னொன்று, எண்ணெய் இருட்டு. சில மைக்ரான் அளவுள்ள புள்ளிகளாகத் துளைகளின் முழு வலையும் கண்முன் விரியும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இது எவ்வளவு பெரிய தாவல் என்று புரிய, 1856-க்குப் போய் வர வேண்டும். பிரான்ஸின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரம்பிய குழாயில் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து ஒரு விதி எழுதினார். கிணறு வெட்டுவதிலிருந்து எண்ணெய் எடுப்பதுவரை இன்றைக்கும் அந்த விதிதான் அடித்தளம். ஆனால் டார்சிக்குத் தெரிந்தது போனதும் வந்ததும் மட்டும். நடுவில் நடந்தது 100 ஆண்டுகளுக்கு மேல் இருட்டிலேயே இருந்தது. 1980-களில் எண்ணெய் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரி ஸ்கேனருக்குள் கல்லைப் படுக்க வைத்தபோதுதான் முதல் வெளிச்சம் விழுந்தது.

டப்!

வெளிச்சம் விழுந்ததும் என்ன தெரிந்தது? எண்ணெயோ வாயுவோ துளைகளுக்குள் சீராக, அமைதியாக நகர்ந்து போகும் என்று நினைப்போம். இல்லவே இல்லை! இரண்டு மணல் துகள்களுக்கு நடுவே உள்ள குறுகலான கழுத்தில் வந்து எண்ணெய் நின்றுவிடும். பின்னாலிருந்து அழுத்தம் ஏறும், ஏறும், இன்னும் ஏறும். கோலி சோடாவைக் கட்டை விரலால் அழுத்தும்போது குண்டு கடைசிவரை அடம்பிடித்துவிட்டு ‘டப்’பென்று உள்ளே விழுமே, அப்படி ஒரே நொடிப்பொழுதில் கழுத்தைத் தாண்டி அடுத்த அறைக்குள் பாயும். இந்தப் பாய்ச்சலுக்குச் சில மில்லி விநாடிகள் போதும்.

மண்ணில் ஈரம் எப்படி நிற்கிறது என்று ஆராய்ந்த ஹெயின்ஸ் 1930-லேயே இதை விவரித்துச் சொல்லிவிட்டார். அதனால் இதற்கு ‘ஹெயின்ஸ் தாவல்’ என்று பெயர். நிஜக் கல்லுக்குள், முப்பரிமாணத்தில், நடக்கும்போதே அதைப் பார்க்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் சின்க்ரோட்ரான் ஒளிமூலத்தில் ஸ்டெஃபன் பெர்க் குழுவினர் அதைப் படம்பிடித்தார்கள். எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுழற்றி எடுக்கும் அந்த எக்ஸ்-ரே அவ்வளவு பிரகாசம். மணிக்கணக்கில் எடுக்க வேண்டிய ஸ்கேனை விநாடிக் கணக்கில் முடித்துவிடும்.

அவர்கள் பார்த்ததைக் கேளுங்கள். ஒரு தாவலில் ஒரு துளை நிரம்பும் என்றுதான் எதிர்பார்ப்பு. நிரம்பியதோ அடுத்தடுத்து 10, 20 துளைகள்! ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றலில் பெரும் பங்கு இந்தத் தாவல்களில்தான் போகிறது என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சத்தமே இல்லாமல் கிடக்கிற ஒரு கல்லுக்குள் இவ்வளவு ஆர்ப்பாட்டம்!

நம்மவர்கள் தந்த கணக்கு

இப்போது பின்கட்டின் மிக அழகான அறை. இந்த அறையில் இயந்திரமே கிடையாது, ஒரு கணக்கு மட்டும்தான் இருக்கிறது. ஆயிரம் கோணத்தில் எடுத்தாலும் கையில் இருப்பவை ஆயிரம் தட்டைப் படங்கள். ஒவ்வொன்றிலும் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். அவற்றிலிருந்து உள்ளே இருக்கும் கல்லை எப்படி மீட்டெடுப்பது? எல்லாப் படங்களையும் வந்த திசையிலேயே திருப்பி வீசிக் கூட்டினால் உருவம் வரும். ஆனால் கலங்கலாக, ஓரம் தெரியாமல் வரும்.

அந்தக் கலங்கலைத் தெளிய வைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்கிறவர் ஜி.என். ராமச்சந்திரன்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்-ரே படிகவியலுக்குக் கொடி நாட்டியவர். 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் புரதத்தின் மூன்றிழைச் சுருளை விடுவித்தவர். புரத உருவங்களைச் சரிபார்க்க உலகமே பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடமும் அவருடையதுதான். 1971-இல் அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு தட்டைப் படத்தையும் திருப்பி வீசுவதற்கு முன் ஒரு சிறு கணக்கு வடிகட்டியில் ஓட்டுங்கள். நடுவில் கூட்டி, பக்கங்களில் கழிக்கும் வடிகட்டி. பிறகு வீசிக் கூட்டினால் கலங்கல் தானாகக் கழிந்துபோகும். அதுவரை இருந்த ஃபூரியே உருமாற்ற வழியைவிட இதற்குக் கணிப்பொறி நேரம் வெகு குறைவு.

அதே 1971 அக்டோபர் 1-ஆம் தேதிதான் லண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் மூளையை ஸ்கேன் செய்தது. ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம்மவர்களின் வடிகட்டி ‘ராம்-லாக்’ என்ற பெயரில் உலகம் முழுக்க ஸ்கேனர் மென்பொருள்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைக் கூம்பு வடிவ எக்ஸ்-ரேக்கு விரித்துக் கொடுத்தது 1984-இல் வந்த ஃபெல்ட்காம்ப் குழுவின் முறை. இன்றைக்கு மைக்ரோ சி.டி. என்னும் இவ்வகை ஸ்கேனில் சுழல்கிற கற்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் திரைக்கு வருகின்றன. டெக்ஸாஸ் மணற்கல்லோ வட கடல் பாறையோ, மென்பொருள் பட்டியலைத் திறந்தால் ‘ராம்-லாக்’ என்று நம்மவர்களின் பெயர் நிற்கிறது. மகிழ்ச்சியில் துள்ள இது போதாதா!

சாம்பலுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கையில் இவ்வளவும் இருக்க, அந்தமான் புதிருக்குத் திரும்புவோம். சுண்ணாம்புச் சேற்றின் துளைகள் மிக மிகச் சிறியவை. அவ்வளவு இடுக்கில் ஹைட்ரேட் உருவாக இன்னும் அதிகக் குளிர் வேண்டும். வாயுவும் அங்கே எளிதாக வந்து சேராது. சாம்பல் மணிகள் பெரியவை, துளைகளும் பெரியவை, ஒன்றோடொன்று வழி விட்டுக்கொண்டவை. ஆக, வாயு அந்த வழியாகவே நுழைந்து அங்கேயே பூட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. 600 மீட்டர் சேறு மேலே உட்கார்ந்து அழுத்தினால் துளை நசுங்கிப் போயிருக்க வேண்டுமே? 17-ஆம் இடத்தில் ஆழத்துக்கு ஏற்றபடி அது நசுங்கவில்லை. அமெரிக்காவின் தேசிய ஆற்றல் தொழில்நுட்ப ஆய்வகத்தைச் சேர்ந்த கெல்லி ரோஸ் குழுவினர் இந்தக் கோர்களைத் துகள் துகளாக ஆராய்ந்து 2014-இல் பதில் சொன்னார்கள். துளைநீரில் கரைந்திருந்த தாதுக்கள் பின்னால் படிந்து, துகள்களுக்கு முட்டுக்கொடுத்துத் துளைகளைக் காப்பாற்றியிருக்கின்றன. துளை பிழைத்ததால் வாயுவுக்கு வழி பிழைத்தது. வழி பிழைத்ததால் ஹைட்ரேட் சேர்ந்தது. ஒரு கடலின் எரிசக்தி எங்கே இருக்கும் என்பதை ஒரு துகளின் ஓரத்தில் படிந்த படிவு தீர்மானித்திருக்கிறது!

மரைன் ஹில்லைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் இதே சட்டம்தான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊர் இது. ஆனால் தெற்கு அந்தமானில் பரவிக் கிடப்பது ‘அந்தமான் ஃபிளிஷ்’ எனும் மணற்கல்-களிப்பாறை அடுக்கு. கார்பின்ஸ் கோவ் கரையில் போய் நின்றால் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். துளைகள் இறுகிப்போன அந்தக் கல்லில் தண்ணீர் அதிகம் தங்காது. மழை வழிந்து கடலுக்கு ஓடிவிடுகிறது. ஊர் தனிக்காரி அணையை நம்பி இருக்கிறது. முன்பு நீல் எனப்பட்ட தீவின் பவளச் சுண்ணாம்புக் கல்லோ துளைகள் நிறைந்தது, கிணற்றில் நீர் ஊறக் கொடுக்கும். மழை ஒன்றுதான், துளை வேறு!

அடுத்த காட்சி

ஹைட்ரேட் இருப்பது தெரியும். எடுக்க முடியுமா? ஜப்பான் 2013 மார்ச்சில் நன்காய் கடலடியில் முயன்றது. ஆறே நாளில் கிணற்றுக்குள் மணல் ஏறி, சோதனையை நிறுத்த வேண்டி வந்தது. ஹைட்ரேட் உருகினால் துளைக்குள் ஒரே நேரத்தில் தண்ணீர், வாயு, இடம் பெயரும் நுண்துகள் எல்லாம் கலந்து ஓடும். எந்தத் துகள் எந்தக் கழுத்தை அடைக்கும், எப்போது அடைக்கும்? ஆய்வுக்கூடங்கள் இப்போது எக்ஸ்-ரேக்குள் ஹைட்ரேட்டை வளர்த்தும் உருக்கியும் பார்ப்பது இதற்காகத்தான். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகக் குழு, தெளிவாகத் தெரிய மீத்தேனுக்குப் பதில் செனானை வைத்து, மணலுக்குள் ஹைட்ரேட் வளர்வதைச் சின்க்ரோட்ரானில் படம்பிடித்து 2015-இல் வெளியிட்டது. படத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று வந்தது. மணல் துகளுக்கும் ஹைட்ரேட்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது, இரண்டும் ஒட்டிக்கொள்வதில்லை! அடுக்கு எவ்வளவு உறுதி, அதிர்வலை அதில் எப்படிப் போகும் என்ற கணக்குகள் எல்லாம் இந்தப் படலத்தை இனி மறக்க முடியாது.

அந்தமான் கடலும் சும்மா இல்லை. 2025 செப்டம்பரில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் ‘ஸ்ரீ விஜயபுரம் 2’ கிணற்றில் இயற்கை வாயு இருப்பதாக மத்திய அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி அறிவித்தார். கரையிலிருந்து 17 கிலோமீட்டர், 295 மீட்டர் ஆழக் கடல். 2,212 முதல் 2,250 மீட்டர்வரையான அடுக்கைச் சோதித்தபோது வந்த வாயுவில் 87 சதவீதம் மீத்தேன். இது ஹைட்ரேட் இல்லை, வழக்கமான வாயு. ஆனாலும் கேள்வி மாறாது: அந்த அடுக்கின் துளைகள் எவ்வளவு பெரியவை, எப்படிக் கோத்துக்கொண்டிருக்கின்றன, எவ்வளவு ஓட விடும்?

பார்க்க நம்மிடமே கண் இருக்கிறது. இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான், 250 கோடி எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலில் எலக்ட்ரான்களைச் சுழற்றுகிறது. எக்ஸ்-ரே படம் எடுப்பதற்கென்றே அங்கே ஒரு கற்றைத் தடம் உண்டு. கோர் அந்தமான் கடலுடையது, வடிகட்டி ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் தந்தது, ஒளி இந்தூரில். இயற்பியலோ நிலவியலோ பெட்ரோலியப் பொறியியலோ படிக்கிற பிள்ளைகளே, அந்தச் சாம்பல் துளைக்குள் முதல் ‘டப்’பைப் படம்பிடிக்கும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. போய் எடுங்கள்!